பொய் எண்

"யாருக்குங்க அறுபத்தேழு வயசு?" என்று கேக் கடைக்காரர் பெட்டிக்கு நாடா கட்டிக்கொண்டே கேட்டார்.

"என் நாத்தனாருக்கு" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டாள் அண்ணி. முப்பத்தெட்டு வயதுக்காரிக்கு ஒரே வார்த்தையில் இருபத்தொன்பது வயது கூட்டிவிட்ட பாவம் தனக்கு எதற்கு என்று உடனே திருத்தினாள். "வயசு இல்லைங்க. அது ஒரு வேகம்."

கடைக்காரர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு நாடாவில் இன்னொரு முடிச்சுப் போட்டுக் கொடுத்தார்.

அவளை முறைப்படி அண்ணி என்று கூப்பிட உரிமையுள்ளவள் உலகத்திலேயே அந்த நாத்தனார் ஒருத்திதான். ஆனால் எப்படியோ அது ஆய்வகம் முழுவதும் ஒட்டிக்கொண்டது. அவளைவிடப் பத்து வயது மூத்த இயக்குநரே "அண்ணி, அந்த ரிப்போர்ட் என்னாச்சு?" என்றுதான் கேட்பார். நாமும் அப்படியே கூப்பிடுவோம், குறைந்துவிட மாட்டோம்.

அண்ணியின் வேலை, பிரபஞ்சம் எவ்வளவு வேகமாக விரிகிறது என்று அளப்பது. விரிகிறது என்றதும் விண்மீன் மண்டலங்கள் எல்லாம் பட்டாசுத் துணுக்கு மாதிரி தெறித்து ஓடுவதாக நினைத்துவிடக் கூடாது. அவை பாட்டுக்கு இருக்கின்றன. நடுவே உள்ள வெளிதான் நீண்டுகொண்டிருக்கிறது. தூரம் அதிகமென்றால் நடுவில் நீள்வதற்கு வெளியும் அதிகம். அதனால் தொலைவில் இருப்பது இன்னும் வேகமாக விலகுகிறது. முப்பத்துமூன்று லட்சம் ஒளியாண்டு தள்ளிப் போனால் விலகும் வேகம் நொடிக்கு இத்தனை கிலோமீட்டர் கூடும் என்று ஒரு கணக்கு. அந்த 'இத்தனை' எத்தனை என்பதில்தான் உலகத்துக்கே சண்டை. அந்தச் சண்டை அண்ணியின் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கும் வந்துவிட்டதுதான் கொடுமை.

ஏனென்றால் நாத்தனாருக்கும் அதே வேலை. ஊரின் மறுகோடியில் வேறு ஆய்வகம், வேறு வழி. பிரபஞ்சம் பிறந்த புதிதில் கிளம்பிய பழைய வெளிச்சம் இன்னும் வானம் முழுக்க மிச்சமிருக்கிறது. அதை ஆராய்ந்து, அன்று அப்படி இருந்தது இன்று இந்த வேகத்தில்தான் விரிய வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்வாள். பிறந்தபோது பார்த்த எடையை வைத்து இன்றைய எடையைச் சொல்வதுபோல. அண்ணியோ நேரே தராசில் ஏற்றுகிற ஆள். துடிக்கிற விண்மீன்களை வைத்துப் பக்கத்துத் தூரத்தை அளந்து, அதை வைத்து வெடிக்கிற விண்மீன்களின் தூரத்தை அளந்து, படிப்படியாக ஏறிப் போவாள். நாத்தனாருக்கு அறுபத்தேழு புள்ளி நான்கு, சுருக்கமாக அறுபத்தேழு, வந்தது. அண்ணிக்கு எழுபத்துமூன்று வந்தது. நாத்தனாரின் அண்ணனும் அண்ணியின் கணவருமான சாவிக்காரர், அறுபத்தேழுக்கும் எழுபத்துமூன்றுக்கும் நடுவில் உட்கார்ந்து தலை நிமிராமல் சாப்பிட்டுவிட்டுப் போவார்.

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், நாத்தனார் கைகழுவ எழுந்துகொண்டே ஒரு வார்த்தை சொன்னாள்.

"அண்ணி, தப்பா நினைக்காதீங்க. நீங்க எதைப் பார்க்க ஆசைப்பட்டீங்களோ அதைத்தான் பார்த்திருக்கீங்க."

தப்பா நினைக்காதீங்க என்று தொடங்குகிற எதையும் யாரும் சரியாக நினைத்ததில்லை. அண்ணி ஏற்கனவே கழுவிவைத்த தட்டை எடுத்து மறுபடி கழுவினாள். அன்றைக்குப் பிறகு நாத்தனார் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவது குறைந்தது, பிறகு நின்றது. போனில் "நல்லா இருக்கீங்களா", "இருக்கேன்" என்பதோடு சரி. வீட்டுக்குள் நுழைந்ததும் நேராகச் சமையலறைக்கு வந்து பாத்திர மூடிகளைத் திறந்து பார்க்கிற அந்தப் பெண் இல்லாதது அண்ணிக்கு வலித்தது. அதைவிட வலித்தது, அவள் சொன்னதில் நியாயம் இருந்ததுதான். விடை நமக்குப் பிடிக்காத மாதிரி வந்தால் எங்கே தப்பு என்று இண்டு இடுக்கெல்லாம் தேடுகிறோம். பிடித்த மாதிரி வந்தால் தேடுவதை நிறுத்திக்கொள்கிறோம். இது திருட்டு இல்லை, மனித சுபாவம். ஆனாலும் விடை கோணலாகிவிடும்.

அதற்காக இந்தத் துறையில் ஒரு வழக்கம் உண்டு. கண்கட்டு என்பார்கள். அளக்கிறவரிடமிருந்தே விடையை மறைத்துவைப்பது. வெளியாள் ஒருவர் ரகசியமாக ஒரு எண்ணைக் கணினியில் போட்டுவிடுவார். திரையில் விடை வரும்போதெல்லாம் அந்த ரகசிய எண்ணும் கூடியே வரும். எது உண்மை என்று தெரியாததால் யாரும் விடையைத் தன் பக்கம் இழுக்க முடியாது. எல்லாத் தப்புகளையும் தேடித் திருத்தி, இனி ஒன்றும் இல்லை என்று எல்லோரும் கையெழுத்துப் போட்ட பிறகே ரகசியத்தைத் திறப்பார்கள். திறந்த பிறகு எது வந்தாலும் வந்ததுதான். ஒரு புள்ளியைக்கூட மாற்றக் கூடாது.

"நாமும் கண்ணைக் கட்டிக்குவோம்" என்றாள் அண்ணி, அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாளே ஆய்வகத்தில். பழைய எழுபத்துமூன்றை ஓரமாக வைத்துவிட்டு, புதிய தொலைநோக்கியின் படங்களோடு எல்லாவற்றையும் முதலிலிருந்து அளப்பது என்று முடிவானது.

இதற்கான கணினி நிரலை எழுதியவருக்கு ஆய்வகத்தில் 'மூணுதடவை' என்று பெயர். எதையும் மூன்றுதடவை சரிபார்க்காமல் விடமாட்டார். வீட்டைப் பூட்டிவிட்டு அலுவலகம் வர அவருக்கு முக்கால் மணி நேரம் ஆகும். ரகசிய எண்ணைப் போட, இயற்பியல் தெரியாத, வாயைத் திறக்காத ஒரு ஆள் வேண்டும் என்றார் அவர். எல்லோரும் அண்ணியைப் பார்த்தார்கள். அவளுடைய கணவர் பூட்டு ரிப்பேர் செய்பவர். ஊரில் பாதி வீட்டுக் கதவுகளைத் திறந்திருக்கிறார். உள்ளே என்ன பார்த்தார் என்று இதுவரை ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது.

சாவிக்காரர் வந்தார். கையிலிருந்த எண்ணெய்க் கறையைத் துடைத்துக்கொண்டு கணினி முன்னால் உட்கார்ந்தார். "எந்த எண்ணா இருந்தாலும் பரவாயில்லையா?" என்று ஒன்று மட்டும் கேட்டார்.

"மைனஸ் பத்துக்கும் பிளஸ் பத்துக்கும் நடுவுல எதுவா இருந்தாலும் சரி சார்" என்றார் மூணுதடவை. "அதே எண்ணை இந்தச் சீட்டுலயும் எழுதி உறையில போட்டு ஒட்டிடுங்க."

எல்லோரும் வெளியே போனார்கள். ஐந்து நிமிடத்தில் அவர் ஒட்டிய உறையோடு வந்தார். ஒட்டின இடத்தின் மேல் இயக்குநரும் மூணுதடவையும் கையெழுத்துப் போட்டார்கள். உறை அவருடைய கடையின் இரும்புப் பெட்டிக்குள் போனது. அந்தப் பெட்டியைத் திறக்கக்கூடிய இன்னொரு ஆள் ஊரில் இல்லை.

அன்று முதல் திரையின் மூலையில் சிவப்பாக ஒரு எண் ஓடத் தொடங்கியது. ஆய்வகத்தில் அதற்குப் 'பொய்' என்றே பெயர். டீ குடிக்க எழுந்தால் "இன்னிக்குப் பொய் எவ்வளவு?" என்பது பேச்சு. முதல் வருடம் அது எழுபத்தாறு புள்ளி ஒன்றில் நின்றது.

ரகசியத்தை ஊகிக்கக் கூடாது என்பது விதி. விதி போட்டால் மனது கேட்குமா? பழைய விடை எழுபத்துமூன்று, பொய் எழுபத்தாறு. அப்படியானால் கணவர் மூன்றுதான் போட்டிருக்க வேண்டும் என்று அண்ணியின் மனது அவளைக் கேட்காமலே கழித்துவிட்டது. அவருடைய கூச்சத்துக்குப் பெரிய எண் போட மாட்டார் என்றும் சேர்த்துக்கொண்டது. யாரிடமும் சொல்லவில்லை, கணக்கிலும் சேர்க்கவில்லை. ஆனால் அந்த மூன்று உள்ளேயே உட்கார்ந்துவிட்டது.

போன வருடம் அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. துடிக்கிற விண்மீன்கள் நெரிசலான இடத்தில் இருப்பவை. பக்கத்தில் ஒட்டினாற்போல இருக்கிற மற்ற விண்மீன்களின் வெளிச்சமும் அவற்றின் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. பக்கத்து வீட்டு விளக்கும் நம் வீட்டு விளக்கும் ஒன்றாகத் தெரிந்தால், தெருமுனையிலிருந்து பார்ப்பவருக்கு நம் வீடு இன்னும் பக்கத்தில் இருப்பதாகத்தான் தோன்றும். தூரம் குறைந்து வரும், அதே விலகலைக் குறைந்த தூரத்தால் வகுப்பதால் விரியும் வேகம் கூடி வரும். அண்ணி எட்டு மாதம் உட்கார்ந்து ஆயிரத்து நூற்றிப் பன்னிரண்டு விண்மீன்களுக்கும் பக்கத்து வெளிச்சத்தைத் தனித்தனியாகக் கழித்தாள். கழித்து முடித்த நாளில் டீயைக் கையில் வைத்துக்கொண்டு நிரலை ஓட்டினாள். சிவப்பு எண் சரசரவென்று இறங்கி எழுபது புள்ளி நான்கில் போய் நின்றது.

எழுபது புள்ளி நான்கு. மூன்று போனால் அறுபத்தேழு புள்ளி நான்கு. நாத்தனாரின் எண், புள்ளி பிசகாமல்.

"என்ன அண்ணி, பொய் இப்படிச் சறுக்கிடுச்சு?" என்றார் மூணுதடவை.

"சறுக்கட்டும்."

பக்கத்து வெளிச்சம் அவ்வளவு இல்லை, இன்னொருதடவை பார்ப்போம் என்று அவள் நாக்கு நுனிவரை வந்தது உண்மை. ஆனால் எட்டு மாத வேலையில் ஒரு தப்பும் இல்லை, அது அவளுக்குத் தெரியும். திருத்தத்தைச் சேமித்து, குறிப்பேட்டில் தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டாள். டீ ஆறிப்போயிருந்தது.

சாயங்காலம் கணவரின் கடைக்குப் போய் முக்காலியில் உட்கார்ந்தாள். "நான் தோத்துட்டேன்னு நினைக்கிறேங்க. பொய் எழுபது புள்ளி நாலு ஆயிடுச்சு" என்றாள். அவர் ஒரு சாவியை அரத்தால் ராவிக்கொண்டிருந்தார். ராவுவதை நிறுத்தாமல் "ம்" என்றார். சற்றுக் கழித்து, "சாப்பிட்டியா?" என்றார். அவ்வளவுதான்.

இன்று திறக்கும் நாள். வியாழக்கிழமை, காலை பத்து மணி. தோற்கப் போகிறவள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு தோற்பானேன் என்றுதான் அண்ணி அந்தக் கேக்கை வாங்கினாள். இன்று அவள் பயந்தது எண்ணுக்காக இல்லை. எந்த எண் வந்தாலும், அதை நேர்மையாக எடுத்தாள் என்று நாத்தனார் ஒருத்தி நம்ப வேண்டும். அந்த ஒன்றுக்காகத்தான் மூன்று வருடம் கண்ணைக் கட்டிக்கொண்டாள்.

மூன்றாவது மாடிக் கூட்ட அறையில் ஏழு நாற்காலிகள், அதில் ஒன்று ஆடும். வெள்ளைப் பலகையில் யாரோ என்றைக்கோ எழுதிய சமன்பாட்டுக்குக் கீழே 'அழிக்காதே' என்று இருந்தது. எழுதியது யார் என்று தெரியாததால் யாரும் அழிக்கவில்லை. அண்ணி கேக் பெட்டியை மேசைக்கடியில் தள்ளிவைத்தாள். எதிரணியிலிருந்து ஒரு சாட்சி வேண்டும் என்பது முறை. நாத்தனார் வந்து, பார்க்காமலே ஆடுகிற நாற்காலியில் உட்கார்ந்து, சமாளித்துக்கொண்டாள்.

"நல்லா இருக்கீங்களா அண்ணி?"

"இருக்கேன்."

சாவிக்காரர் தோளில் கருவிப் பையோடு வந்தார். பதினொரு மணிக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட கதவைத் திறக்க வேண்டுமாம். உறையை மேசைமேல் வைத்தார். கையெழுத்துகள் கலையவில்லை என்று நாத்தனார் பார்த்துத் தலையாட்டினாள். மூணுதடவை உறையைக் கிழித்துச் சீட்டைப் படித்தார். மறுபடி படித்தார். மூன்றாவது தடவை சீட்டைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். பிறகு மெதுவாகக் கணினிப் பக்கம் போய்ப் பூட்டியிருந்த கோப்பைத் திறந்தார். அதிலும் அதுவேதான் இருந்தது.

"பூஜ்யம்" என்றார்.

ஒருவருக்கும் புரியவில்லை.

"பூஜ்யம் சார். அவர் பூஜ்யத்தைப் போட்டிருக்கார்." மூணுதடவை சீட்டை எல்லோருக்கும் திருப்பிக் காட்டினார். "மைனஸ் பத்துக்குக் கீழ போனா ஏத்துக்காதேன்னு நிரல்ல எழுதினேன், பிளஸ் பத்துக்கு மேல போனாலும் ஏத்துக்காதேன்னு எழுதினேன். மூணுதடவை பார்த்தேன். நடுவுல பூஜ்யம் இருக்குன்னு எனக்குத் தோணவே இல்லையே!"

அண்ணிக்குத்தான் முதலில் புரிந்தது. மூன்று வருடமாகத் திரையில் ஓடியது பொய்யே இல்லை. அது விடை. எல்லோரும் தினமும் பார்த்துச் சிரித்து, அதை வைத்து டீ குடித்த உண்மையான விடை. எழுபது புள்ளி நான்கு. அறுபத்தேழும் இல்லை, எழுபத்துமூன்றும் இல்லை. அந்த எண்ணை ரசிக்கக்கூட அவளுக்கு நேரமில்லை. கண்கட்டே இல்லாமல் மூன்று வருடம் அளந்திருக்கிறார்கள். எல்லாம் போச்சு என்று நினைத்தாள்.

நாத்தனார் எழுந்துவிட்டாள். "அண்ணா, ஏன் பூஜ்யம் போட்டே?"

சாவிக்காரர் கருவிப் பையின் வாரை இழுத்துவிட்டுக்கொண்டார். இவ்வளவு பேர் தன்னைப் பார்ப்பது அவருக்குப் பழக்கமில்லை.

"எந்த எண்ணா இருந்தாலும் சரின்னாங்க."

"சரி, ஆயிரம் எண்ணு இருக்கே. ஏன் அதைப் போட்டே?"

"அது... இவ தினம் பார்க்கிற விடையில ஒரு பொய்யைக் கலந்து வைக்கணும்னாங்க. உட்கார்ந்து யோசிச்சுப் பார்த்தேன். இவகிட்ட இதுவரைக்கும் ஒரு பொய் சொன்னதில்ல. இத்தனை வருஷம் கழிச்சு, அதுவும் எண்ணுல போய் ஆரம்பிக்க மனசு வரல."

அறையில் யாரோ ஒருவர் இருமினார். இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அண்ணிக்கு அவரை நாலு அறை விட வேண்டும் போலவும் இருந்தது, எல்லோர் முன்னாலும் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

நாத்தனார் மட்டும் விடவில்லை. "பூஜ்யம்னா பரவாயில்ல. பூஜ்யமும் ஒரு எண்ணுதான். அது பூஜ்யம்னு அளந்தவங்களுக்குத் தெரியாம இருந்தா கண்கட்டு கண்கட்டுதான்." அண்ணன் பக்கம் திரும்பினாள். "ஆனா நீங்க ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருக்கீங்க. நீ இவங்ககிட்ட சொல்லலைன்னு நான் எப்படி நம்புறது?"

"சொல்லல."

"ஒருநாள்கூட?"

"சொல்லல."

"பொய்யே சொல்லமாட்டேங்கிற, ஆனா அவங்க பொய் பொய்னு சொன்னப்ப சும்மாத்தானே இருந்தே?"

"பொய்னு இவதான் சொன்னா. நான் ஒருநாளும் சொல்லல" என்றார் சாவிக்காரர்.

நியாயமான கேள்விதான் கேட்டாள் நாத்தனார். அண்ணிக்கு அவள்மேல் கோபம்கூட வரவில்லை. கணவன் சத்தியம் பண்ணினால் மனைவிக்குச் சாட்சியாகுமா? என்ன காட்டி நிரூபிப்பது? காட்ட ஒன்றுமில்லை என்று அண்ணி நினைத்தபோது அவள் கால் பெட்டியில் இடித்தது. குனிந்து அதை எடுத்து மேசைமேல் வைத்தாள். கடைக்காரர் கூடுதலாகப் போட்ட முடிச்சு அவிழவில்லை. சாவிக்காரர் பையிலிருந்து ஒரு கம்பியை எடுத்து இரண்டு நொடியில் அவிழ்த்தார்.

வெள்ளைக் கேக்கின்மேல் நீல எழுத்தில் பெரிதாக '67' என்று இருந்தது. அதற்குக் கீழே, 'குட்டிம்மா, நீயே ஜெயிச்சே.'

குட்டிம்மா என்பது நாத்தனாருக்கு வீட்டில் வைத்த செல்லப் பெயர். இயக்குநர் முன்னால் அது வெளிவந்ததில் அவள் காது சிவந்துவிட்டது. பிறகு அந்த எண்ணைப் பார்த்தாள்.

"அறுபத்தேழா? எதுக்கு?"

"இவர் மூணு போட்டிருப்பாருன்னு நினைச்சேன்" என்றாள் அண்ணி. ஊகித்ததை ஒப்புக்கொள்ள வெட்கமாக இருந்தது. "பொய் எழுபது புள்ளி நாலுக்கு வந்தப்பவே நீ ஜெயிச்சுட்டேன்னு முடிவு பண்ணிட்டேன்."

"எப்போ?"

"போன வருஷம்."

நாத்தனார் மேசைமேல் இருந்த குறிப்பேட்டை இழுத்துப் புரட்டினாள். பக்கத்து வெளிச்சத்தைக் கழித்த பக்கத்துக்கு வந்தாள். தேதி, எட்டு மாத வேலை, ஆயிரத்து நூற்றிப் பன்னிரண்டு விண்மீன்கள், கையெழுத்து. கையெழுத்து லேசாகக் கோணியிருந்தது.

"நான்தான் ஜெயிக்கிறேன்னு நினைச்சுக்கிட்டே இதுல கையெழுத்துப் போட்டீங்களா அண்ணி?"

"திருத்தம் சரியா இருந்துச்சே. வேற என்ன செய்ய?"

"பூஜ்யம்னு தெரிஞ்சவங்க அறுபத்தேழுன்னு கேக் வாங்க மாட்டாங்க" என்று சொல்லி நாத்தனார் குறிப்பேட்டை மூடினாள். மேசையைச் சுற்றி வந்து, ஆடுகிற நாற்காலியைத் தள்ளிவிட்டு, அண்ணியைக் கட்டிக்கொண்டாள். "அன்னிக்கு நான் சொன்ன வார்த்தையைத் திருப்பி வாங்கிக்கிறேன் அண்ணி. எழுதிக் கொடுக்கவா?" என்றாள். மூணுதடவை சத்தமாக மூக்கைச் சிந்தினார்.

அப்புறம்தான் எல்லோருக்கும் எழுபது புள்ளி நான்கு ஞாபகம் வந்தது. வந்ததும் அறையே ரகளையாகிவிட்டது. இது இரண்டு பக்கமும் சேராத எண். இரண்டு பேருமே தப்பா, இரண்டு பேருமே பாதி சரியா, இல்லை இரண்டு பேருக்கும் தெரியாத ஏதோ ஒன்று பிரபஞ்சத்தில் வேலை செய்கிறதா? ஆளுக்கொரு பேனாவைப் பிடுங்கிக்கொண்டு பலகைக்கு ஓடினார்கள். 'அழிக்காதே' கண்மூடித் திறப்பதற்குள் அழிந்தது. ஒரு கையில் கேக்கும் ஒரு கையில் பேனாவுமாக நாத்தனாரும் அண்ணியும் ஒருவர் எழுதியதை ஒருவர் அடித்தார்கள். தோற்கவும் இல்லை, ஜெயிக்கவும் இல்லை. மறுபடி முதலிலிருந்து தேட வேண்டும். அண்ணிக்குச் சின்னப் பிள்ளைபோலச் சந்தோஷமாக இருந்தது.

"நாங்களும் கண்ணைக் கட்டிக்கிறோம்" என்றாள் நாத்தனார். "அண்ணா, எனக்கும் ஒரு எண்ணு போட்டுக் கொடுப்பியா?"

"உனக்கா?" என்றார் சாவிக்காரர், கேக்கை விழுங்கிக்கொண்டே. "உனக்கு எத்தனை பொய் வேணும்னாலும் போடறேன். சின்ன வயசுலேருந்து அதானே என் வேலை."

மணி பத்தே முக்கால். அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினார். அண்ணி படிக்கட்டுவரை கூடவே போனாள்.

"ஏங்க, நான் தோத்துட்டேன்னு உங்க கடையில வந்து உட்கார்ந்தேனே. அப்போ உங்களுக்குத் தெரியும்ல, நான் தோக்கலைன்னு?"

"உங்க கணக்கெல்லாம் எனக்குத் தெரியாது. திரையில தெரியறதுதான் நிஜம்னு மட்டும் தெரியும்."

"நான் ஒரு வருஷமா அழாத குறையா திரிஞ்சேன். பூஜ்யம்னு முதல்லயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

அவர் ஒரு படி இறங்கி நின்றார்.

"முன்னாடியே சொல்லியிருந்தா, நிஜ எண்ணே அப்படி இறங்கும்னு தெரிஞ்சும் அந்தப் பக்கத்து வெளிச்சத்தைக் கழிச்சிருப்பியா?"

கழித்திருப்பேன் என்று சொல்லத்தான் அண்ணி வாயைத் திறந்தாள். பொய்யே சொல்லாத மனுஷனிடம் அதைச் சொல்வது எப்படி?

"தெரியலைங்க" என்றாள்.

"அதான்" என்று சொல்லிவிட்டு அவர் பள்ளிக்கூடத்துக் கதவைத் திறக்கப் போனார்.